நிலக்கீழ்த் தளத்தில் ஒரு பவளத்திட்டு



எங்கள் இல்லத்திற்கு வருகை தரும் உறவினரும் நண்பர்களும், நிலக்கீழ்த் தளத்திலுள்ள எட்டடி நீளக் கடல்நீர்த் தொட்டியைக் கண்டதும் இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். "எவ்வளவு செலவாயிற்று?" என்பது முதலாவது. சற்றுத் தயக்கத்துடன், பெரும்பாலும் விடைபெறும் வேளையில் வருவது இரண்டாவது: "இது வீண்விரயம் ஆகாதா?" முதல் வினாவுக்கு விடை எளிது. ஒன்றரை ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ 14,000 கனடிய டாலர். விளக்குகளும் ஸ்கிம்மரும் பிறர் பயன்படுத்தியவற்றை வாங்கியதால் இத்துடன் நின்றது. மின்கட்டணம் மாதந்தோறும் 80 டாலர் வரை கூடியிருக்கிறது. இரண்டாம் வினாவுக்கு அப்படி ஓர் எண்ணால் விடையளிக்க இயலவில்லை. அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

நாங்கள் வசிப்பது மிஸ்ஸிஸாகாவில், பியர்சன் விமான நிலையத்திற்கு அருகில். 2024 ஜூலை 16 அன்று அவ்விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று கழிவுநீர்க் குழாய் எதிர்த்துப் பொங்கியதில் எங்கள் நிலக்கீழ்த் தளத்தில் முழங்கால் அளவுக்கு அழுக்குநீர் நின்றது. கம்பளம், சுவர்ப்பலகைகள், வாப்பாவின் கட்டில், அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஓலைப்பாய் யாவும் குப்பைக்குச் சென்றன. (எங்களில் ஒருவருக்கு அவர் வாப்பா, மற்றவருக்கு மாமா. இக்கட்டுரையில் வாப்பா என்றே எழுதுகிறோம்.) அல்ஹம்துலில்லாஹ், அவ்வேளையில் அவர் மேல்தளத்தில் அஸர் தொழுதுகொண்டிருந்தார்.

பெற்றோரை நிலக்கீழ்த் தளத்தில் குடியமர்த்துவது இந்நாட்டில் நம்மவரிடையே பெருகிவிட்ட வழக்கம். அதனை நாங்கள் விரும்புவதில்லை. வாப்பாவுக்கு மாடியில் அறை ஒதுக்கினோம், அவர்தாம் மறுத்தார். இரவில் தஹஜ்ஜுத் தொழ எழுந்து நடமாடினால் பிள்ளைகளின் உறக்கம் கெடும் என்றார். ஆனால் குளிர்காலத்தில் நாலே முக்கால் மணிக்கெல்லாம் மஃரிப் ஆகிவிடும் ஊரில், முழ உயரச் சாளரம் ஒன்றே உள்ள அறையில், உம்மாவின் மறைவுக்குப்பின் வந்து சேர்ந்த எழுபத்து மூன்று வயது மனிதர் நாள் முழுதும் என்ன செய்வார்? பேச்சு குறைந்தது. பயணச்சீட்டு விலையை அடிக்கடி விசாரிக்கலானார். அவர் நாட்டம்கொண்டு அமர்ந்த இடம் ஒன்றே: எங்கள் மூத்த மகன் தன் மேசைமீது மூன்றாண்டுகளாக வளர்த்துவந்த இருபது கேலன் கடல்நீர்த் தொட்டியின் முன். பாட்டனாரும் பேரனும் (எங்கள் ஊர் வழக்கில் பாட்டனாரை 'அப்பா' என்பர்) அங்கே தமிழும் ஆங்கிலமும் கலந்து மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம்.

வெள்ளம் வடிந்தபின் சுவர்ப்பலகைகளை நான்கடி உயரத்திற்கு அறுத்தெடுத்தார்கள். வெறும் கான்கிரீட்டும் மரச்சட்டங்களும் எஞ்சின. எப்படியும் எல்லாவற்றையும் புதிதாய்க் கட்டவேண்டிய நிலை. அப்போதுதான் மகன் ஒரு தாளில் படம் வரைந்து வந்து நீட்டினான்.

பெரிய தொட்டி பராமரிக்கக் கடினம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை பெரிதும் மறுதலை. நீரின் அளவு குறையக் குறைய உப்பின் செறிவும் வெப்பமும் விரைவாக ஏறியிறங்கும். ஒரு மீன் இறந்து கிடந்தாலே சிறிய தொட்டி நஞ்சாகிவிடும். பெரிய தொட்டி நிதானமாக மாறும். நமக்கு அவகாசம் தரும். ஆனால் எடை? எட்டடி நீளம், இரண்டரையடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 300 கேலன், அதாவது 1,100 லிட்டருக்கு மேல். கடல்நீர் மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். கண்ணாடி, கற்கள், மணல், தாங்குமேடை, கீழே உள்ள வடிகட்டும் தொட்டி ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு டன்னை நெருங்கும். மரச்சட்டங்களால் ஆன மேல்தளத்தில் இதனை வைக்கும் முன் பொறியாளரைக் கேட்டாக வேண்டும். நிலத்தின்மீதே படிந்த கான்கிரீட் தளத்தில் அக்கவலை இல்லை.

எந்தச் சுவரில் வைப்பது என்பதில் வீட்டில் நெடிய விவாதம் நடந்தது. வாப்பா தொழும் இடமும், பனிக்காலத்தில் நாங்கள் ஜமாஅத்தாகத் தொழும் இடமும் அதுவே. டொராண்டோ வட்டாரத்தில் கிப்லா வடகிழக்கு. அழகாகத் தெரியும் என்று மகன் தேர்ந்தெடுத்திருந்த சுவர் சரியாக அத்திசையில் அமைந்திருந்தது. தொழுபவரின் கண்முன் நீலமும் மஞ்சளுமாய் மீன்கள் திரிந்தால் உள்ளம் எங்கே நிற்கும்? எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். குழாய்களின் நீளம் கூடியது. செலவும் சிறிது கூடியது. தக்பீர் கட்டும்போது தொட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இத்தகைய பணியில் இறங்க விழைவோருக்குச் சொல்லவேண்டியவற்றுள் முதன்மையானது ஈரம். நாளொன்றுக்கு எங்கள் தொட்டியிலிருந்து 12 முதல் 15 லிட்டர் நீர் ஆவியாகிறது. உப்பு ஆவியாவதில்லை, ஆகவே குறைந்ததை நன்னீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். அதற்கு மிதவையுடன் கூடிய ஒரு சிறு கருவி உண்டு. ஆனால் ஆவியான நீர் எங்கே செல்லும்? வெளியே மைனஸ் இருபது டிகிரி. உள்ளே கடற்கரைக் காற்று. அந்த ஈரம் குளிர்ந்த சுவரின் உட்புறத்தில் படிந்து பூஞ்சையாகும். ஒருமுறை வெள்ளத்தால் இழந்த சுவரை மறுமுறை பூஞ்சையால் இழக்க எங்களுக்கு மனமில்லை. ஆதலால் சுவரை மூடும் முன்பே காற்றுமாற்றி ஒன்றையும் தொட்டியின் மேற்புறத்திலிருந்து நேரே வெளியே இழுக்கும் விசிறியையும் பொருத்தினோம். கம்பளத்திற்கு மாற்றாகப் பீங்கான் ஓடு பதித்தோம்; ஓடுகள் தரைவடிகாலை நோக்கிச் சற்றே சரியும். மின்சாரத்திற்குத் தனி இணைப்பு. நீர் பட்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வகை மின்புள்ளிகள். ஒவ்வொரு மின்கம்பியும் புள்ளியை அடையும் முன் கீழ்நோக்கி வளைந்து ஏறும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவில் சொட்டி நின்றுவிடும்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் சொல்லிவிடுகிறோம். இந்நாட்டு வீடுகளில் நிலத்தடி நீர் சேரும் குழிக்கு 'ஸம்ப்' என்று பெயர். கடல்நீர்த் தொட்டியின் கீழே வடிகட்டிகள் இருக்கும் தொட்டிக்கும் அதே பெயர். "ஸம்பில் தண்ணீர் ஏறுகிறது" என்று பிள்ளைகள் கூவினால், மகிழ்வதா ஓடுவதா என்று முதலில் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது.

தொட்டி வந்து இறங்கியது 2025 ஜனவரியில். படிக்கட்டின் திருப்பத்தில் சுவர் இருந்தால் எட்டடிக் கண்ணாடி நுழையாது. ஆகவே மற்ற வேலைகளை நிறுத்திவைத்து, தொட்டியை இறக்கிய பின்னரே அச்சுவரை அடைத்தோம். இனி அதனை வெளியே எடுப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டும். வெறும் தொட்டியே 270 கிலோ. இஷாத் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். இருவர் மருத்துவர், ஒருவர் வாடகைக்கார் ஓட்டுநர், மற்றவர் கணினித் துறையினர். கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சு கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு "பிஸ்மில்லாஹ்" என்று தூக்கி, பன்னிரண்டு படிகளை இறங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பின்னர் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் உண்டு சென்றார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

குழாய்நீரில் குளோரின் சார்ந்த பொருள்கள் உண்டு. அதனைச் சவ்வின் வழியே அழுத்தித் தூய்மையாக்கித்தான் பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த நீர் சவ்வினூடே மெல்லச் செல்லுமாதலால் நிரப்ப ஆறு நாள் பிடித்தது. ஒரு லிட்டர் தூயநீருக்கு அதனினும் மிகுந்த நீர் கழிவாக வெளியேறும் என்பதை வாப்பா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். நபி (ஸல்) அவர்கள் முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில் உளூச் செய்ததை ஹதீஸ் நூல்களில் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல நீரைச் சாக்கடையில் விடுவது எப்படி என்று கேட்டார். அன்றுமுதல் அந்தக் குழாய் சலவை இயந்திரத்திற்குரிய பீப்பாயில் விழுகிறது. எங்களுக்குத் தோன்றாதது அது.

முதல் நிரப்பலுக்கு 45 கிலோ உப்புக்கலவை சென்றது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடலின் உப்பு நிலை. வெப்பம் 25 டிகிரி. அதன்பின் ஐந்து வாரம் ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தோம். மீன்கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கற்களில் குடியேறும்வரை எவ்வுயிரையும் விடலாகாது. வருவோரெல்லாம் வெறும் உப்புநீரைப் பார்த்துச் சிரித்தனர். கடையிலேயே மீன் வாங்கி அன்றே விட்டுவிடும் அவசரத்தால் இறக்கும் மீன்கள் ஏராளம்.

பவளங்களைப் பற்றி எழுதுமுன் சிறு விளக்கம். திருக்குர்ஆனின் சூரத்துர் ரஹ்மானில் (55:22) முத்துடன் சேர்த்துப் பவளம் குறிப்பிடப்படுவதை யாவரும் அறிவோம். நகைகளில் பதிக்கப்படும் சிவந்த பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. திட்டுகளைக் கட்டியெழுப்பும் பவளங்கள் வேறு இனம். பின்னவற்றை எங்கள் கீழக்கரைக் கடற்பகுதியில் 'முருகைக்கல்' என்பார்கள். பெயர்தான் கல், அது உயிர். தன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளியைக்கொண்டு ஆக்கும் உணவை உண்டு, நீரிலுள்ள சுண்ணச்சத்தை எடுத்துத் தன் எலும்புக்கூட்டைத் தானே கட்டும் விலங்கு. ஆதலால்தான் கால்சியம் 420, மக்னீசியம் 1,300 என்று மகன் வாரந்தோறும் அளந்து சுவரில் எழுதிவைக்கிறான்.

கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளம் ஒன்றையும் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். கல்பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆயினும் சட்டம் அனுமதிப்பது வேறு, நம் மனம் ஒப்புவது வேறு. பிறர் தொட்டிகளில் வளர்ந்த கிளைகளிலிருந்து வெட்டிய கட்டைவிரல் அளவுத் துண்டுகளையே வாங்கினோம். மீன்களும் அவ்வாறே; கோமாளி மீன்கள் தொட்டியில் பிறந்தவை. மஞ்சள் டாங் மீனையும் 2015 முதல் வளர்ப்பில் பொரிக்கச் செய்கிறார்கள். விலை கூடுதல், பொறுத்துக்கொண்டோம்.

முதல் துண்டுகள் வந்த அன்று, அவற்றுள் ஒன்றின் விலை 60 டாலர் என்று மகன் சொன்னதும் வாப்பா வெகுநேரம் சிரித்தார். "இதயா அறுவது டாலருக்கு? நாங்க வள்ளம் வள்ளமா அள்ளுனோமே!" என்றார்.

அவர் இளமையில் சங்கு குளித்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். சங்கு கிடைக்காத பருவத்தில், எழுபதுகளில், அப்பா தீவுப் பக்கம் முருகைக்கல் பெயர்க்கச் சென்றதை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கரை சேர்த்தால், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். வீட்டு அடித்தளத்திற்கும் சுவருக்கும் அக்கல்லே பயன்பட்டது. மன்னார் வளைகுடாக் கரையில் அன்று அது ஊரறிந்த தொழில். யாரும் குற்றமாகக் கருதியதில்லை. 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் வாப்பா வளைகுடா நாட்டில் கடைச் சிப்பந்தியாக இருபதாண்டுகளைக் கழித்துவிட்டிருந்தார்.

"மாட்டுத்தலை அளவுக் கல்லு வளர எத்தன வருசம் ஆகும்?" என்று அவர் பேரனிடம் கேட்டார். திரளையாக வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். வாப்பா தம் இரு கைகளையும் விரித்து அளவு பார்த்தார். பின்னர், "பூவரசன்பட்டித் தீவு முங்கிப்போச்சாமே, நெசமா?" என்று எங்களிடம் கேட்டார். உண்மைதான். கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த அத்தீவு கடலுள் அமிழ்ந்துவிட்டது. சுற்றிலும் அரணாக நின்ற பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கொரு காரணம் என்று ஆய்வாளர் கூறுவர். "அது கல்லுன்னுதானே நாங்க நெனச்சோம்," என்றார். மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அன்றிரவு அவர் உண்ணாமல் படுத்ததும், அவருக்கு என்ன சொல்வதென்று அறியாது நாங்கள் படிக்கட்டில் அமர்ந்திருந்ததும் நினைவிருக்கிறது.

மறுநாள் ஃபஜ்ருக்குப்பின் கீழே இறங்கியபோது, அவர் பேரனின் அளவுக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் குப்பியில் எத்தனைத் துளி என்று கற்றுக்கொண்டிருந்தார். அன்றுமுதல் தொட்டியின் காலை வேலை அவருடையது. பிறை கண்டு கடலின் ஏற்றவற்றத்தைக் கணித்த கண்களுக்கு எங்களுக்குத் தென்படாதவையெல்லாம் தென்படுகின்றன. பவளத்தின் மொட்டுகள் வழக்கமான நேரத்தில் விரியாவிட்டால் அளவுக்கருவி சொல்லுமுன் அவர் சொல்லிவிடுவார்.

வீண்விரயம் பற்றிய வினாவை எங்கள் பள்ளி இமாமிடம் பணம் செலவிடும் முன்பே வைத்தோம். அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்ததையும், நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் அதைப்பற்றி அன்புடன் வினவியதையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அதனைக்கொண்டு உயிர்களை வளர்ப்பதற்கு அனுமதி உண்டு என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் அதே நூலில் உண்டு. இமாம் இரண்டையும் நினைவூட்டிவிட்டு எங்களையே கேட்டார்: ஜக்காத் கொடுத்தாயிற்றா? கடன் ஏதும் நிலுவையிலுள்ளதா? வட்டிக்கு வாங்கிக் கட்டப்போகிறீர்களா? ஊருக்குச் செல்லும்போது இவற்றுக்கு யார் உணவிடுவார்? காட்சிக்காகவா, தேவைக்காகவா? கடைசிக் கேள்விக்கு நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. வங்கிக் கடனின்றி, பழைய வாகனத்தை மாற்றும் எண்ணத்தைத் தள்ளிவைத்து, உம்ராவுக்கென ஒதுக்கியதைத் தொடாமல், மாதமாதம் சேர்த்தே செலவிட்டோம். ஒரு குளிர்காலம் முழுவதும் பயணச்சீட்டு விலையை விசாரிக்காத முதியவரின் நிம்மதிக்கு என்ன விலை வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேறொரு குடும்பத்தார் இதே தொகையை வேறுவிதமாக எடைபோடலாம். அவர்களோடு நாங்கள் வாதிடமாட்டோம்.

குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை. பூப்போல் விரியும் ஸோயாந்தஸ் வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் எனும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரிலிட்டுத் துப்புரவு செய்ய முயன்று, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சென்றோர் உளர். எங்கள் தொட்டியில் அவ்வினம் இல்லை. அழகு என்று யாரேனும் அன்பளிப்பாகத் தந்தாலும் மறுத்துவிடுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில் பனிமழை பெய்த ஓரிரவு மின்சாரம் நின்றது. நாங்கள் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தோம். கீழே மூன்றரை மணிக்குத் தஹஜ்ஜுதுக்கு எழுந்த வாப்பா, இடைவிடாது கேட்கும் நீரோசை இல்லாததை இருளிலேயே உணர்ந்திருக்கிறார். மின்கலத்தால் இயங்கும் ஒற்றைச் சுழல்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; அவ்வளவு நீருக்கு அது போதாது. நீர் அசையாவிட்டால் மேற்பரப்பில் உயிர்வாயு கலவாது. மீன்களுக்கு மூச்சு முட்டும். அவர் எங்களை அழைக்கவில்லை. கைவிளக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலானார். நாங்கள் ஃபஜ்ருக்கு எழுந்து குளிரை உணர்ந்து கீழே ஓடியபோது இரண்டு மணி நேரமாக ஊற்றிக்கொண்டிருந்தார், தோள்வரை நனைந்திருந்தார். தம் போர்வைகள் மூன்றையும் எடுத்துத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். தாம் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை. "அதுக்கு வாயி இல்ல, கூப்பிடத் தெரியாது," என்று மட்டும் சொன்னார். நாங்கள் முறைவைத்துத் தொடர்ந்தோம். எட்டே கால் மணிக்கு மின்சாரம் வந்தபோது வெப்பம் 21 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஒரு மீனும் சாகவில்லை, இரண்டு பவளங்கள் வெளுத்தன, ஒன்று பிழைத்தது. பெரிய மின்கலம் ஒன்றை அவ்வாரமே வாங்கினோம்.

வாப்பாவின் விசா இன்னும் மூன்றாண்டு செல்லும். இருப்பாரா, புறப்படுவாரா என்று நாங்கள் கேட்பதில்லை. உம்மாவின் கப்ரு ஊரில் இருக்கிறது. அந்த ஈர்ப்பின்முன் எட்டடித் தொட்டி எம்மாத்திரம்?

இப்போது கிளைகள் நெருங்கிவிட்டதால் சிறு வாளால் வெட்டும் வேலை வந்திருக்கிறது. முதல் கிளையை வெட்ட வாப்பா மறுத்தார். வெட்டுவதால் அது இறவாது, வெட்டிய இடத்திலிருந்து மீண்டும் கிளைக்கும் என்று பேரன் இரண்டு வாரம் காட்டிய பின்னரே வாளைக் கையிலெடுத்தார். துண்டுகளைச் சிறு வட்டுகளில் ஒட்டி, யாருக்கு எது என்று அரபுத்தமிழில் எழுதிவைக்கிறார். அவ்வெழுத்தை வாசிக்கப் பேரனும் கற்றுவருகிறான். இதுவரை பதினொரு துண்டுகள் பள்ளி ஜமாஅத்தைச் சேர்ந்த நான்கு வீடுகளுக்குச் சென்றுள்ளன. விலை வாங்கக்கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. அடுத்தவை வட்டில் பிடித்து வளர ஆறு வாரமாகும். ஷஃபானுக்கு முன் கொடுத்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.